கள்ளு வாத்தியாருக்குப் பெண் பார்த்த கதை

எழுபதுகளில் நல்லேப்பிள்ளி வட்டாரத்திலேயே பெரிய குடிகாரர் என்று பெயர் எடுத்தவர் எங்கள் கள்ளு வாத்தியார். கள்ளை ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்தறியாதவரும் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

எங்கள் கல்லூரியில் அவர் தாவரவியல், நான் கணக்கு. தினம் காலையில் தூக்குப்போசியோடு கள்ளுக்கடைக்குப் போய்விடுவார். கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் அவருக்கு வேண்டும். தோலில் வரும் பூஞ்சைப் படைக்குத் தரும் மருந்தை அதில் போட்டு, ஈஸ்ட் எப்படிச் சாகிறது என்று பார்ப்பார். மருந்து செல்லின் தோலில் ஓட்டை போடுகிறது, உள்ளே இருப்பது ஒழுகிச் செல் சாகிறது என்பது புத்தகம் சொன்ன கணக்கு. வாத்தியாருக்கு அது போதவில்லை.

"ஓட்டை மட்டுமில்லீங்க. ஈஸ்ட் இழுக்கற மூச்சே உள்ளார போய் அதைத் தீய்க்குதுங்க," என்பார்.

எண்ணெய் ஊற்றிக் காற்றுப் புகாமல் அடைத்த சீசாவில் ஈஸ்ட் மெல்லச் சாகிறதாம். காற்றுப் பட்டதில் மளமளவென்று சாகிறதாம். நெல்லிக்காய்ச் சாறு விட்டால் சாவு தள்ளிப்போகிறதாம். கொல்வதும் அவரே, வைத்தியம் பார்ப்பதும் அவரே. கல்லூரி முதல்வர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, சீசாக்களில் லேபிள் நேராக ஒட்டவில்லை என்று மட்டும் குறை சொல்லிப் போனார்.

வயது ஏறிக்கொண்டே போக, வாத்தியாருக்குப் பெண் மட்டும் அமையவில்லை. கடைசியில் சித்தூர்ப் பக்கத்துப் பண்ணையக்காரர் ஒருவர் மகளைக் கொடுக்க முன்வந்தார். வாத்தியார் புதுச்சட்டை தைத்துக்கொண்டார். அந்தக் கல்யாணம் அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

பண்ணையக்காரரின் தென்னை முழுக்கக் கள்ளுக்கு விட்டவைதான். கள்ளு இறக்கலாம், மாப்பிள்ளை குடிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. விசாரிக்கக் கிளம்பினார்.

"ஒருநாள்கூடத் தவற மாட்டாருங்க," என்று மெச்சினார் கள்ளுக்கடைக்காரர்.

"பாவம், வாரம் தவறாம மருந்து வாங்கறாரு, உடம்பு பூராப் படையாட்ட இருக்குதுங்க," என்று உருகினார் மருந்துக்கடைக்காரர்.

விஷயம் தெரிந்ததும் வாத்தியார் பண்ணையக்காரரை ஆய்வுக்கூடத்துக்கே அழைத்து வந்து நுண்ணோக்கி முன் உட்கார வைத்தார். நானும் கூட இருந்தேன்.

"நீலச்சாயம் ஏறுனதெல்லாம் செத்ததுங்க. வெளுப்பா இருக்கறது உசுரோட இருக்குதுங்க."

பண்ணையக்காரர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். "ஏனுங்க, இதுகளை எதுக்குக் கொல்றீங்க?"

"எப்படிச் சாகுதுன்னு பாக்கறதுக்குத்தானுங்க."

"அப்பறம் அந்த நெல்லிக்காச் சாறு?"

"பொளைக்க வெக்கறதுக்குங்க."

வெளியே வந்ததும் பண்ணையக்காரர் என்னை ஓரமாக அழைத்தார். "குடிகாரன்னாக்கூடப் புள்ளையக் குடுத்துத் திருத்திப்போடலாங்க. இவரை என்னன்னு திருத்தறது?"

சம்பந்தம் அத்தோடு முறிந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. எப்படிச் சொல்வது என்று தயங்கியபடி உள்ளே போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது.

"போகுதுங்க. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? எத்தனை நேரம் பாத்தாரு. இதுவரைக்கும் ஆரும் அவ்வளவு நேரம் பாத்ததில்லீங்க," என்றார். 

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். நீலமும் வெளுப்புமாகச் சில புள்ளிகள், வேறொன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர் போதும் என்று சொல்லும்வரை கண்ணை எடுக்க மனம் வரவில்லை.