ஒரு கிழமை நேர்த்தி

"இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?" என்று கேட்டார் கோபாலசிங்கம்.

"அப்பா, இப்பதானே தொடங்கினது," என்றாள் மகள் ஜெனனி.

தொடங்கியதுதான். அதற்குள் மகன் உமாசுதன் தலைமை தாங்கும் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணி பின்தங்கிவிட்டது. கோபாலசிங்கம் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். உடைக்காத சிகரெட் பெட்டி பத்திரமாக இருந்தது. இருந்து என்ன பயன், தொட முடியாதே.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. முதல் ஆட்டத்தில் அணி மண்ணைக் கவ்விய அன்று உமாசுதன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். பெற்ற மனம் கேட்குமா? மறுநாளே மலைக்குப் போய், குகைக்கோயிலில் இத்தாலியின் பலெர்மோ நகரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் முன்னால் நின்று, மனைவி இராசேஸ்வரியும் பிள்ளைகளும் கேட்கத்தக்கதாக, "என்ர பிள்ளையின்ர ரீம் ஒரு மச் வெல்லுமட்டும் நான் சிகரெட் தொடமாட்டன் தாயே" என்று நேர்த்தி வைத்துவிட்டார். பலெர்மோச் சைவக்காரருக்கு முருகன் எப்படியோ ரொசாலியாவும் அப்படித்தான். அவளிடம் சொன்ன சொல்லில் பிசகக் கூடாது.

நெஞ்சு டொக்டர் வருடக்கணக்காகக் கெஞ்சியும் விடாத சிகரெட் அது. "இப்படியே ஊதினால் மகன் படித்து முடிப்பதைப் பார்க்க மாட்டீர்" என்றுகூட அவர் சொல்லியிருந்தார். இராசேஸ்வரி பெட்டியை ஒளித்தும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அதற்கெல்லாம் அசையாத மனிதர் இப்போது துணிந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கிழமைதானே, அடுத்த ஞாயிறு எப்படியும் வென்றுவிடுவார்கள் என்று நினைத்தார்.

அந்த ஒரு கிழமையே யுகமாகப் போனது. நகர நடுவில் பொலிதேயாமாப் பக்கம் அவர் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி, அந்தச் சின்யோரா, பல்கனியில் இருந்து புகைக்கும்போது, பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் சாட்டில் பக்கத்தில் போய் நிற்பார். அந்தக் கன்று தண்ணீர் கூடி அழுகியே போனது.

"பெடியளுக்குச் சத்துக் காணாது," என்று முடிவு கட்டி, இரண்டாம் ஆட்டத்துக்கு இராசேஸ்வரியைக்கொண்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுடுவித்துக் கொண்டுபோனார். ஆட்டம் தொடங்கமுன்பே அவ்வளவும் தீர்ந்தது. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கி ஓடவேண்டிய பெடியன்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாம் ஆட்டத்துக்குச் சொந்தபந்தம் எல்லாரையும் மேளத்தோடு திரட்டிவந்தார். மகனின் கையில் பந்து வந்தபோதெல்லாம் மேளம் அதிர்ந்தது. அணியில் இருந்த மற்றத் தமிழ்ப் பெடியன் றெஜி ஓடிவந்து கும்பிட்டான்.

"மாமா, எங்கட கையில பந்து இருக்கேக்க கத்தாதேங்கோ. என்ன செய்யவேணும் எண்டு உமா சொல்லுறது ஒருத்தருக்கும் கேக்குதில்லை!"

அவன் சொன்னதும் மேளத்தில் கேட்கவில்லை. தோற்றார்கள்.

மறுநாள் குடும்பத்தோடு மலைக்கு நடந்துபோனார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்துகிற கோபாலசிங்கம், ரொசாலியாவிடம் நியாயம் கேட்கும் வேகத்தில் விறுவிறென்று ஏறினார். பின்னால் மூச்சுவாங்கி வந்த உமாசுதன் நின்று தகப்பனையே பார்த்தான்.

"என்னடா பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அப்பா. நீங்கள் நடவுங்கோ."

நான்காம் ஆட்டத்துக்குக் கண்ணூறு கழிக்க மைதானத்து எல்லைக்கோட்டில் தேசிக்காய் வைத்தார். நடுவர் அதைப் பொறுக்கி எறிந்துவிட்டு அவரையும் ஏசினார். அன்று உமாவின் ஆட்கள் பந்தை எதிரிகளின் கைக்கே பார்த்து எறிந்தார்கள். ஐந்தாம் ஆட்டத்தில், பந்தைப் பிடிக்கவேண்டியவன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டு நின்றான். தேசிக்காயில் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று கோபாலசிங்கம் நொந்துபோனார்.

இன்று கடைசி ஆட்டம். அவர் ஒன்றும் செய்யவில்லை. மேளமில்லை, தேசிக்காயில்லை. ரோல்ஸ்கூட ஆட்டம் முடியத்தான் என்று ஜெனனியின் மடியில் மூடி இருந்தது. சும்மா இருந்ததாலோ என்னவோ, பின்தங்கியிருந்த அணி மெல்ல மெல்ல எழும்பி வந்தது. கடைசி நிமிடம். பந்து உமாசுதன் கையில். முன்னால் ஒரு குருவிகூட இல்லை. ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டினால் வெற்றி.

"ஓடு மோனை! ஓடு!"

கோபாலசிங்கம் பெட்டியை உடைத்து ஒரு சிகரெட்டை எடுத்து உதட்டில் வைத்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த உமாசுதன் தலையைத் திருப்பிப் பார்வையாளர் பக்கம் பார்த்தான். தகப்பனைப் பார்த்தான். அடுத்த கணம் பந்து கையிலிருந்து நழுவி உருண்டது. எதிரணிக்காரன் ஒருவன் அதன்மேல் பாய்ந்து விழுந்தான். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

கோபாலசிங்கம் சிகரெட்டை உதட்டிலிருந்து விரலிடுக்குக்கு எடுத்ததோடு மறந்துபோனார். மைதானத்துக்குள் இறங்கிப்போய் மகனைக் கட்டிக்கொண்டார்.

"பரவாயில்லை மோனை. நல்லாத்தான் ஓடினாய்."

உமாசுதன் அவருடைய நெஞ்சில் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துவிட்டு உடுப்பு மாற்றப் போனான். அவன் முகத்தில் துளி கவலை இல்லை. அதுதான் தகப்பனை அறுத்தது. பிள்ளைக்குத் தோற்றுத் தோற்று மரத்துப்போய்விட்டது என்று நினைத்தார்.

றெஜி, ஜெனனி கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை வாயில் வைத்தான்.

"என்னில்தான்ரா பிழை," என்றார் கோபாலசிங்கம். "பிள்ளை வெல்லவேணும் எண்டுதான் முதல் நேந்தனான். பிறகு எனக்குச் சிகரெட் நினைப்புத்தான். அதுதான் அந்தத் தாய் ஒரு மச்சும் வெல்ல விடேல்லை. அடுத்த வருசம் வரையும் நான் இந்த நேர்த்தியோட இருக்கவேணும்."

றெஜி அவர் விரலிடுக்கில் கிடந்த சிகரெட்டை மெல்ல உருவியெடுத்தான்.

"முதல் மூண்டு மச்சும்தான் மாமா நாங்கள் தோத்தது. மிச்சமெல்லாம் உங்களுக்காக உமா தோக்கச் சொன்னது."