பாலுக்கு வம்சம் விசாரிப்பவர்

பெண் எடுக்கும்போது மூன்று தலைமுறையை விசாரிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பால் வாங்கும்போதும் அதே விசாரணையை நடத்துகிற இனம் ஒன்று உண்டு. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அதற்கு ஸ்தனிஸ்லாஸ் சார் என்று பெயர்.

ரிட்டயராகி, பேப்பரை விளம்பரம் உட்பட இரண்டு தரம் படித்து, இரண்டாயிரத்தொன்பதில் ஒருநாள் அவர் தெருவுக்கு அறிவித்தார்: பாலின் புரதம் இருநூற்றொன்பது மணி கோத்த மாலை, அறுபத்தேழாவது மணி மாறியிருந்தால் ஏ-ஒன், சீமை மாட்டுப் பால், உடம்புக்கு ஆகாது, மாறாதிருந்தால் ஏ-டூ, நாட்டு மாட்டுப் பால், அமிர்தம். ஜெபமாலையில் முப்பதாவது மணியைத் தாண்டுமுன்பே தூங்கிவிடுகிற மனிதர். அறுபத்தேழாவது மணிவரை எப்படிப் போனார்? யாரும் கேட்கவில்லை.

அல்போன்சாவுக்கு ரோசி என்று ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு. பால் ஊற்ற ஏழு வீடு. அந்த ஏழு வீட்டை நம்பித்தான் மகள் ரீனா காலேஜுக்குப் போனாள். ஒரே மாதத்தில் நான்கு வீடு நின்றுபோனது.

மிச்ச மூன்றையும் திருத்துவதற்காக, சார் நத்தத்திலிருந்து திமிலுள்ள மாடொன்றைப் பிடித்துவந்து வாசலில் கட்டி, தெருவையே கூட்டினார்.

"அல்போன்சா, நாட்டு மாடுன்னா என்னான்னு பாத்துக்க. திமிலைப் பாரு!"

அவள் மாட்டின் முகத்தைப் பார்த்தாள். "யார்ட்ட சார் பிடிச்சீக?"

"சுருளிவேல்ட்ட."

"அவரு வீட்டுச் செவலை போட்ட கன்னா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"செவலையும் எங்க ரோசியோட ஆத்தாளும் ஒரே நாட்டு மாட்டு வயித்துல பிறந்ததுக சார். ரெண்டும் ஜெர்சி சினை ஊசிக்குப் பிறந்ததுக. செவலையைத் தொண்ணூத்தெட்டுல அவருக்கு வித்ததே நாந்தான். உங்க மாட்டுக்கு எங்க ரோசி அக்கா முறை வேணும்."

சாரின் மனைவி ஆனந்தமேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடியே, அப்ப நம்ம சொந்தக்காரவுகளாயிட்டோம்டி!"

இந்த இனம் தோற்காது. வழியை மாற்றிக்கொள்ளும்.

"ஆத்தாட்ட ஒரு மணி, அப்பன்ட்ட ஒரு மணின்னுதாம்மா கன்னுக்கு இறங்கும்," என்றார் சார். "அப்பன் நாட்டுக் காளை. செவலைட்ட இருக்குற ரெண்டுல ஒண்ணு அதோட ஆத்தாளுது, அது நாட்டு மாடு. அந்தப் பாட்டியோடதுதான் இதுக்கு இறங்கிருக்கு. அதுல சந்தேகமே கிடையாது."

"அந்தப் பாட்டிதான சார் எங்க ரோசிக்கும் பாட்டி?"

சார் தம் மாட்டைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். ரோசியைக் கைவிட்டால் தம் மாடும் போய்விடும்.

"ரோசியும் நல்ல வம்சந்தான்," என்றார். "நான் எப்ப இல்லைன்னேன்?"

சாயங்காலமே நான்கு வீடும் திரும்ப வந்தது. எந்த மாட்டுக்கு எந்த மணி இறங்கியதென்று இன்றுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் நாளைக் காலை பால்காரம்மா வரும்போது, சும்மா தெரிந்துகொள்ள, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்று தோன்றுகிறதல்லவா? வேண்டாம். தெருவுக்கு ஒருவர் போதும்.