இருபது பவுண்டுக்குள் ஒரு நாய்

பீனட்டை இரண்டு கைகளாலும் அள்ளிக்கொண்டு குளியலறை எடை மெஷின் மேல் ஏறினார் வெண்டல் ஸ்ட்ரங்க். முள் ஒரு முழுச் சுற்று சுற்றி, கிளம்பிய இடத்தையும் தாண்டிப் போய் நின்றது. பிறகு மெஷினுக்குள் ஏதோ முறிந்தது.

"உன்னால மெஷினே போச்சு" என்றார்.

பீனட் அவர் மூக்கை நக்கியது. உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக வந்தபோது வேர்க்கடலை என்று பொருத்தமாகத்தான் பெயர் வைத்தார்கள். இப்போது அது சோபாவில் படுத்தால் வெண்டல் தரையில் உட்கார்ந்து டிவி பார்க்க வேண்டும்.

சியோட்டோ ஆற்றங்கரையில், நகரும் வீடுகளுக்கான அந்தக் குடியிருப்பு பார்க்குக்கு 'விஸ்பரிங் பைன்ஸ்', அதாவது கிசுகிசுக்கும் பைன் மரங்கள், என்று பெயர். பைன் மரம் ஒன்றுகூடக் கிடையாது. கிசுகிசுப்புக்கு மட்டும் குறைவில்லை. வரிசையாக நிற்பவை நகரும் வீடுகள் என்பதும் பேச்சுக்குத்தான். வெண்டலின் வீட்டை இழுத்தால் பாதி இங்கே நிற்கும், மீதி நெடுஞ்சாலையில் கிடக்கும். வீடு அவருடையது, அடியிலிருக்கும் மண் பார்க்கை நடத்தும் கம்பெனியுடையது, தகராறு இரண்டு பேருக்கும் பொது.

வசந்த காலத்தில் கேரட்டி என்ற புது மேனேஜர் வந்ததிலிருந்து தகராறுக்கு ஓய்வே இல்லை. காற்றில் கிணுகிணுக்கும் மணிகள் கூடாது என்றார். வாசல் நாற்காலி பழுப்பு நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். போன மாதம், நாய் வைத்திருப்பவர்கள் நில வாடகையோடு மாதாமாதம் நாய்க் கட்டணமும் கட்ட வேண்டும் என்றார். அன்று பார்க்கே திரண்டு ஆபீசுக்குப் போனது. பேண்ட் முழுக்க நாய் முடியோடு நின்றுகொண்டு, "எங்ககிட்ட நாயே இல்லை" என்று ஒரே குரலில் சொன்னது. கேரட்டி சிரித்துக்கொண்டே "சரி" என்று உள்ளே போய்விட்டார். அன்று சாயங்காலம் எல்லோரும் பீர் குடித்துக் கொண்டாடினார்கள்.

அந்தச் சிரிப்பின் விலை இந்த வாரம் தெரிந்தது. பாதுகாப்பை முன்னிட்டு, பார்க்கில் எந்த நாயும் இருபது பவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வீடு வீடாக எடை பார்க்கப்படும். இருபதுக்குள் இருந்தால் பதிவு செய்து கட்டணம் கட்டலாம். மேலே இருந்தால் நாய் போக வேண்டும், இல்லாவிட்டால் வீடு போக வேண்டும்.

மனைவி கார்லா இறந்ததிலிருந்து அந்த வீட்டில் வெண்டலைத் தவிர மூச்சு விடுகிற ஜீவன் பீனட் ஒன்றுதான். ஸ்கூல் பஸ் ஓட்டிய காலமெல்லாம் பிள்ளைகளின் இரைச்சலை வைதவர், வீட்டின் அமைதியைத் தாங்க முடியாமல் நாயோடு பேசிப் பழகியிருந்தார். அதை அனுப்பிவிடுவது என்ற பேச்சையே அவர் வீட்டுக்குள் விடவில்லை.

முதலில் பட்டினி வைத்தியம் பார்த்தார். தட்டில் கேரட்டும் பச்சை பீன்ஸும் போட்டார். பீனட் அவற்றை மோந்து பார்த்துவிட்டு சோபா மெத்தையில் ஒன்றைத் தின்றது. மறுநாள் பின்வீட்டு ராய்ஸ் அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்த தொத்திறைச்சி முழுவதையும் தின்றது. வாரத்தின் நடுவில் அது முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது.

"இருபது பவுண்டா? அதோட ஒரு தொடையே தேறுமே" என்றாள் பக்கத்து வீட்டு வெர்னா டாக்கெட். அவளிடம் இருப்பது டச்சஸ் என்கிற, கன்றுக்குட்டி கனமுள்ள ராட்வைலர் ஜாதி நாய். ஆனால் அவள் முகத்தில் கவலையைக் காணோம், கையில் சிகரெட்டோடு வாசற்படியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீ மட்டும் எப்படி நிம்மதியா இருக்கே?"

"சின்ன நாய் ஒண்ணு இருக்கு, வெண்டல். எடை பாக்கற நேரத்துக்கு வேணுங்கறவங்க வாங்கிட்டுப் போயிக்கலாம். வெள்ளிக்கிழமை எனக்கு, உனக்கு, ராய்ஸுக்கு."

"யாரோட நாய்?"

"அதைக் கேக்காதே. யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் யாரும் மாட்டமாட்டாங்க."

"நாயே இல்லைன்னு சாதிச்சா என்ன? போன தடவை அதைத்தானே சொன்னோம்."

"முடி கிடக்கு, குரைப்பு கேக்குது, வாசல்ல குழி தோண்டி வெச்சிருக்கு. எத்தனை நாளைக்கு இல்லைன்னு சொல்லுவே? ஒரு சின்ன நாயைப் பதிவு பண்ணிட்டா எல்லாத்துக்கும் பதில் ஆச்சு."

"கட்டணம் கட்டணுமே."

"கட்டித் தொலை. பீனட் வேணுமா, வீம்பு வேணுமா?"

வெண்டலுக்குப் பீனட்தான் வேண்டியிருந்தது.

சின்ன நாய், பார்க்கில் எல்லோரும் துணி துவைக்கும் லாண்டரி அறையில் இருந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொள்பவள் இந்த வசந்தத்தில் வேலைக்குச் சேர்ந்த நாடீன். சில்லறை மாற்றித் தருவாள், மறந்துவிட்டுப் போன போர்வையை மடித்து வைப்பாள், காதில் விழுந்த வம்பை வெளியே விடமாட்டாள். அதனால் பார்க்கின் வம்பு முழுவதும் அவள் முன்னால்தான் நடக்கும். மேஜைக்கடியில் துணிக்கூடையில், ஒரு காது மடங்கிய வெள்ளை நாய் ஒன்று சுருண்டு தூங்கியது. பெயர் பட்டன்.

"தூக்கிட்டுப் போங்க, மிஸ்டர் ஸ்ட்ரங்க். சாப்பாட்டு நேரத்துக்குள்ள கொண்டாந்துடுங்க. பசிச்சா அழுவான்" என்றாள் நாடீன்.

வெள்ளிக்கிழமை கேரட்டி தட்டையான எடை மெஷினோடு வந்தார். சட்டை மடிப்புக் கலையவில்லை. பட்டன் மெஷின் மேல் ஏறி, பழகியவனைப் போலச் சமர்த்தாக உட்கார்ந்தான்.

"பதினாலு பவுண்டு. பேரு?"

"பீனட்."

குளியலறைக்குள்ளிருந்து உண்மையான பீனட் தன் பெயரைக் கேட்டு ஒரு குரல் கொடுத்தது. கதவு அதிர்ந்தது.

"அது என்ன சத்தம்?"

"வாஷிங் மெஷினுங்க."

"குரைக்குதே."

"பழைய மெஷினு. பேரிங் தேஞ்சு போச்சு."

கேரட்டி கதவை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். "சரிபண்ணிடுங்க. கட்டணத்தை இப்பவே குடுத்துடறீங்களா?"

வெண்டல் கொடுத்தார். போன மாதம் கட்டமாட்டேன் என்று தொண்டை கிழியக் கத்திய அதே மனிதர், இப்போது கொடுத்துவிட்டு நன்றி வேறு சொன்னார்.

கேரட்டி வாசலில் நின்று திரும்பினார். "இன்னொண்ணு. பதிவு பண்ண நாயைத் தினமும் வெளிய நடத்திட்டுப் போகணும். அடைச்சு வெச்சா மிருகவதை. நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருப்பேன்."

அங்கே ஆரம்பித்தது அடுத்த வினை. பட்டன் ஒன்று, நடத்திக் காட்ட வேண்டிய வீடுகள் மூன்று. காலையில் வெர்னா, மத்தியானம் வெண்டல், சாயங்காலம் ராய்ஸ் என்று முறை போட்டார்கள். மூன்று பேரும் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே மெதுவாக, நன்றாகத் தெரியும்படி நடந்தார்கள். பட்டனுக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தது. பெரிய நாய்கள் வீட்டுக்குள் கிடந்து கொழுத்தன.

ஒரே நாய் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, எடை பார்த்த அன்றே வெர்னா அதைக் காபியில் முக்கிப் பழுப்பாக்கியிருந்தாள். இப்போது தினமும் காலையில் முக்கினாள். அவளிடமிருந்து வாங்கியதும் வெண்டல் ஷாம்பூ போட்டு வெள்ளையாக்கினார். ராய்ஸ் தன் பங்குக்கு ஷூ பாலிஷால் முதுகில் ஒரு கறுப்புத் திட்டு வைத்தார். அந்த நாய்க்கு வாரத்தில் விழுந்த குளியல் வெண்டலுக்கு மாதத்தில் விழாது.

ஒருநாள் வெர்னா வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பட்டனைப் பழுப்பாகவே கொடுத்துவிட்டுப் போனாள். ஷாம்பூவும் தீர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் அப்படியே கூட்டிக்கொண்டு கிளம்பிய வெண்டலை, ஆபீஸ் முன்னால் போகும்போது மழையும் பிடித்துக்கொண்டது. குடையோடு எதிரே வந்தார் கேரட்டி. பட்டனிலிருந்து காபி ஒழுகி அவருடைய பளபளப்பான ஷூவைச் சுற்றி ஓடியது.

"உங்க நாய் கரையுது, மிஸ்டர் ஸ்ட்ரங்க்."

"முடி கொட்டற சீசனுங்க."

"வாசனை நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்றிரவு வெண்டலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டிலிருந்த மீட்லோஃப் இறைச்சியைப் பீனட் முடித்து வைத்தது.

"அவனுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார் வெர்னாவிடம்.

"அவனுக்கா? நாய்க்கும் நரிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. சட்டைக்கு இஸ்திரி போடத் தெரிஞ்சா போதுமா, மூளை வேண்டாமா?"

ஆனால் மறுநாள் வந்த அறிவிப்பு வெர்னாவின் சிகரெட்டையே அணைத்தது. ஒரே நாயைப் பல வீடுகளில் காட்டுவதாக ஆபீசுக்குச் செய்தி வந்திருக்கிறதாம். அதனால் சனிக்கிழமை கிளப் ஹாலில், பார்க்கிலுள்ள எல்லா நாய்களும் ஒரே நேரத்தில் எடை பார்க்கப்படும். ஒரு வருஷக் கட்டணத்தையும் அன்றே முன்பணமாகக் கட்டிவிட வேண்டும். அன்று வராத நாய், பிறகு கண்ணில் பட்டால் நேரே நகராட்சி வண்டிதான்.

அதுவரை பதிவு செய்யாமல் பதுங்கியிருந்தவர்கள் எல்லாம் வெர்னாவின் வீட்டில் கூடினார்கள். கட்டில் உயர நாய்களின் சொந்தக்காரர்கள், கண் கலங்க, பட்டனைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள்.

"ஒரு நாயை வெச்சு எப்படிச் சமாளிக்கறது?" என்றார் ராய்ஸ்.

"கிளப் ஹால்ல பின்பக்க ஜன்னல் இருக்கு" என்றாள் வெர்னா.

சனிக்கிழமை அதிர்ஷ்டம் அவர்கள் பக்கம் இருந்தது. கேரட்டி மேஜையைப் போட்டுக்கொண்டு அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஆட்கள் மட்டும் உள்ளே வரிசையில் நின்றார்கள். நாய்கள் வெளியே கூட்டம் போட்டால் கடித்துக்கொள்ளும், ஒவ்வொன்றாகக் கொண்டுவருகிறோம் என்று வெர்னா சொன்னபோது, நல்ல யோசனை என்று அவரே பாராட்டினார்.

முதலில் வெண்டல் வெள்ளைப் பட்டனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எடை போட்டு, பணம் கட்டி, நடந்து போய் ஜன்னல் வழியாக வெளியே நின்ற ராய்ஸிடம் நீட்டினார். ராய்ஸ் பாலிஷ் அடித்து முன்வாசல் வழியாகக் கொண்டுவந்தார்.

"பேரு?"

"தண்டர்."

"பதினாலு பவுண்டு. அடுத்தது."

அடுத்தது குல்லாய் மாட்டிக்கொண்டு வந்தது. அதற்கடுத்தது ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தது. அதற்கடுத்தது யாருடைய பேரன் சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தது.

"எல்லா நாயும் பதினாலே பவுண்டா இருக்கே" என்றார் கேரட்டி, தலையைத் தூக்காமல்.

"ஒரே குழாய்த் தண்ணியைத்தானே குடிக்குதுங்க" என்றாள், காபியில் முக்கிய பட்டனைத் தன் முறைக்கு மெஷினில் ஏற்றி இறக்கிய வெர்னா.

"உங்க டச்சஸ் ஆணா, பெண்ணா?"

"பெண்ணு."

பட்டன் மேஜைக் காலை மோந்து பார்த்து, சாவகாசமாக ஒரு காலைத் தூக்கினான். வெண்டலுக்கு உயிரே போய்விட்டது. கேரட்டி நனைந்த மேஜைக் காலைப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார்.

"பெண்" என்று சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். "அடுத்தது."

கடைசி ஆளும் பணம் கட்டி முடித்ததும் கேரட்டி எழுந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். அவர் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் வெர்னாவின் வாசலில் பீர் டப்பாக்கள் திறந்தன.

"பன்னெண்டு தடவை ஒரே நாயை எடை போட்டான்யா" என்று ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஆளை வெச்சு அந்தக் கம்பெனி எப்படித்தான் பிழைக்குதோ."

"நான் ஒரு வருஷத்துக்குக் கட்டிட்டேன், அதுவும் சிரிச்சுக்கிட்டே" என்றார் வெண்டல். அவர் காலடியில் பீனட், ஆபீஸ் ஜன்னலுக்குத் தெரியாத மூலையில், எத்தனையோ நாளைக்குப் பிறகு பகல் வெளிச்சத்தில், நாலு காலையும் பரப்பிப் படுத்திருந்தது. அதன் வயிற்றைத் தடவிக்கொடுத்தார். இனி இதை யாரும் கொண்டுபோக முடியாது என்ற நிம்மதியில் இன்னொரு டப்பாவைத் திறந்தார்.

சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், களைத்துப் போய் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பட்டனைத் தூக்கிக்கொண்டு லாண்டரி அறைக்குப் போனார். நாடீன் கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் கூடையோடு தயாராக நின்றாள்.

"உன் நாயாலதான் நாங்க பிழைச்சோம், நாடீன். அந்த கேரட்டி மூஞ்சியை நீ பாத்திருக்கணும்."

நாடீன் பட்டனை வாங்கிக் கூடையில் படுக்க வைத்து, மடங்கிய காதைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்லவேளை, நேரத்துக்குக் கொண்டாந்தீங்க. எங்க அண்ணன் ஆபீசைப் பூட்டிட்டு வண்டியில காத்துக்கிட்டிருக்காரு. ஆத்துக்கு அக்கரையில இருக்கற பார்க்குல எங்ககிட்ட நாயே இல்லைன்னு ஒருத்தரும் கட்டணம் கட்ட மாட்டேங்கறாங்களாம், நாளையிலேர்ந்து இவனுக்கு அங்கதான் வேலை."