எந்த மெஷினுக்கு?

"ஓடலை சார்" என்றார் மெஷின் அறை மேடம் போனில். மழை வருகிறது, துணியை எடுங்கள் என்று சொல்வதற்குக்கூட அந்தக் குரலில் இன்னும் கொஞ்சம் பதற்றம் இருந்திருக்கும்.

"ஓடலைன்னா? என்ன சொல்லுது?"

"'இந்த மெஷினுக்கானது இல்லை'ங்குது."

மூட்டைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அவர் நிஜமாகவே மூட்டை தூக்குகிறவர் இல்லை. கம்பெனியில் மற்றவர்கள் எழுதுகிற புரோகிராம்களை, அவற்றுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களோடு சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கட்டி, போய்ச் சேர வேண்டிய மெஷினுக்கு அனுப்புவது அவர் வேலை. அது ஆபீஸ் வாயில் மூட்டைக்காரர் என்று ஆகிவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. "உள்ளே என்ன இருக்குன்னு நான் பார்க்கவே மாட்டேன். கட்டறதோட சரி" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரியை நிரப்ப வேண்டும். எந்த வகை மெஷினுக்கு என்ற வரி. உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்து மெஷின்களில் பல வகை உண்டு. ஒரு வகைக்குக் கட்டியதை இன்னொரு வகை சீந்தாது. அந்த வரியைக் காலியாக விட்டால், எந்த மெஷினில் உட்கார்ந்து கட்டுகிறோமோ அதன் வகைக்கே கட்டிவிடும். வந்தவருக்கு அளவெடுக்காமல் தையல்காரர் தன் உடம்புக்கே சட்டை தைத்துக் கொடுப்பது மாதிரி. இத்தனை வருஷமும் நம்மவர் அந்த வரியைக் காலியாகத்தான் விட்டார். ஆபீஸில் எல்லா மெஷினும் ஒரே வகையாக இருந்ததால் மானம் தப்பியது.

போன வாரம் அவருக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே வேறு வகை. கீழ்த்தள மெஷின் அறைக்கும் புது சர்வர் ஒன்று வந்து இறங்கியிருந்தது. அது என்ன வகை என்று இவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் காலையில் மேனேஜர் கூப்பிட்டு, "இன்னிக்குள்ள இது புது சர்வர்ல ஓடியாகணும். ஓடினதும் உங்க விஷயத்தை முடிச்சுடறேன்" என்று சொல்லியிருந்தார்.

உங்க விஷயம் என்றால் வேலை நிரந்தரம். ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே இருந்த விஷயம். இவர் இதற்கு முன் வேலை பார்த்த கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. இதுவும் போனால், மனைவியின் அண்ணன் நடத்தும் மெத்தைக் கடைதான். "மெத்தையைச் சுருட்டிக் கட்டி வண்டியில ஏத்த ஒரு ஆள் வேணும். மாப்பிள்ளைக்குத்தான் கட்டற வேலை அத்துப்படியாச்சே" என்று குடும்பமே கூடியிருந்த இடத்தில் சொன்ன மனிதர் அவர். எல்லோரும் சிரித்தார்கள். இவருக்கு இன்னும் வயிறு எரிகிறது.

"ஓடிடுச்சா சார்?"

கதவிடுக்கில் ஸ்டோர்காரரின் தலை தெரிந்தது. ஆபீஸின் மேஜை, நாற்காலி, அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவர்தான். பின்னால் காலியான தள்ளுவண்டி ஒன்று நின்றது.

"இன்னும் இல்லைங்க."

"பரவாயில்லை சார், பதறாம பண்ணுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

மூட்டைக்காரர் உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போட்டார். இந்த ஆபீஸிலும் தனக்காகக் கவலைப்பட ஒரு ஜீவன் இருக்கிறதே!

நேராகக் கீழே போய்ப் பார்த்துவிடலாம்தான். ஆனால் மெஷின் அறைக் கதவு நிரந்தர ஊழியர்களின் அட்டைக்குத்தான் திறக்கும். கட்டிய பேக்கேஜைப் பொதுவான ஓர் இடத்தில் போட்டால் சர்வர் தானாக எடுத்து ஓட்டிப் பார்க்கும். அது சொல்கிற பதிலை மேடம் படித்துச் சொல்வார். அவ்வளவுதான் இவருக்குக் கொடுத்துவைத்தது.

"மேடம், நீ என்ன வகைன்னு அந்த மெஷினையே கேட்டுடுவோம். நான் சொல்றதை அப்படியே அடிங்க."

மேடம் அடித்தார். "எக்ஸ் எண்பத்தாறுன்னு வருது சார்."

அட, பழைய வகைதானா! மூட்டைக்காரர் அந்த வரியில் எக்ஸ் எண்பத்தாறு என்று நிரப்பினார். அவர் வாழ்க்கையில் அந்த வரியை நிரப்பியது அதுதான் முதல் தடவை. கட்டி அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்தார்.

"ஓடலை சார்."

"எப்படி மேடம்? அதுவே தன் வாயால சொல்லுச்சே!"

"எது?"

"சர்வர்!"

"ஓ, சர்வர்ல அடிக்கணுமா? நான் என் மேஜையில இருக்கற கம்ப்யூட்டர்ல இல்ல அடிச்சேன்? சர்வர் இருக்கற ரூம்ல ஏசி தாங்கலை சார். எனக்கு ஏற்கெனவே ஜலதோஷம்."

மூட்டைக்காரர் போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மேஜையில் நெற்றியால் மெதுவாக இடித்தார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மாதிரி நேரத்தில் வருகிற யோசனைகளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எந்த வகை என்று தெரியாவிட்டால் என்ன? உலகத்தில் உள்ள எல்லா வகைக்கும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் ஏதாவது ஒன்று ஓடித்தானே ஆக வேண்டும்!

கட்டினார். மூட்டை வீங்கியது, மேலும் வீங்கியது, போய் இறங்கியது. சர்வரின் டிஸ்க்கில் மூச்சுவிடக்கூட இடமில்லாமல் நிரம்பியது. அந்த சர்வரில்தான் முந்தின நாள் ஆபீஸின் மெயிலையும் ஏற்றியிருந்தார்கள். மெயில் நின்றது.

"எவன்யா மெயிலை நிறுத்தினது?" மேனேஜரின் சத்தம் எல்லா மேஜைகளையும் தாண்டி வந்தது.

மூட்டைக்காரர் நாற்காலியில் குனிந்துகொண்டார். உடனே மேடத்தைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். மேடம் சால்வையைப் போர்த்திக்கொண்டு, தியாகம் செய்கிற பெருமூச்சோடு சர்வர் முன்னால் போய் நின்றார்.

"நான் சொல்லச் சொல்ல அடிங்க. மூட்டை வந்து இறங்கின அந்த ஃபோல்டரை மொத்தமா அழிச்சிடுங்க. அழிக்கவான்னு அது கேட்டாலும் அழிச்சிட்டே இருக்கணும், நிறுத்தக் கூடாது."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அவருக்கு ஒரு பழக்கம். வாய் சொல்லும்போது கையும் சும்மா இருக்காது. தப்பில்லாமல் சொல்கிறோமா என்று தன் லேப்டாப்பிலும் அடித்துப் பார்த்துக்கொள்வார். அடித்தார். "இப்ப என்டர் தட்டுங்க" என்றார். தட்டினார்.

"அழிஞ்சிடுச்சு சார்" என்றார் மேடம்.

"இங்கயும் அழிஞ்சிடுச்சு மேடம்" என்றார் மூட்டைக்காரர்.

லேப்டாப்பிலும் அதே பெயரில் இருந்த ஃபோல்டரில், மூட்டை கட்டுவதற்கென்று இத்தனை நாளாக எழுதி எழுதி வைத்திருந்த அத்தனையும் போய்விட்டது. அந்த அதிர்ச்சியில் சர்வர் என்ன வகை என்று கேட்க மறந்தார். நினைவு வந்து திரும்பக் கூப்பிட்டபோது, மேடம் ஜலதோஷத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

"ஓடிடுச்சா சார்?" என்று மறுபடி தலை தெரிந்தது.

மூட்டைக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் கிடந்த காலி அட்டைப்பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அது பாதி உள்ளே அமுங்கியது. கண்ணீர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டார்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அண்ணன் வந்திருக்கார். இன்னிக்கே பதில் வேணுமாம். இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவாராம்."

"நான் அழுதுட்டிருக்கேன்னு மட்டும் சொல்லிடாதே."

"அய்யய்யோ, அழறீங்களா? அப்படி என்னங்க அது? அந்த சாஃப்ட்வேர் என்னதான் பண்ணும்?"

"எனக்கென்னடி தெரியும்? கட்டறதோட என் வேலை முடிஞ்சுது."

"முடிஞ்சாத்தானேங்க!"

சரி என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். மெத்தையைச் சுருட்டுவதில் என்ன கேவலம்? மெத்தை எந்த மெஷினையும் கேட்காது. எந்தக் கட்டிலில் போட்டாலும் கிடக்கும். தலையைத் தொங்கப் போட்டார். அப்போது இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்துகள் கண்ணில் பட்டன. அது சர்வர் வந்த பெட்டி. மாடல் எண், எடை, நனைக்காதே, கவிழ்க்காதே, அதற்குக் கீழே சிப்பின் வகை. இவர் கனவிலும் நினைக்காத மூன்றாவது வகை.

"அப்புறம் கூப்பிடறேன்!" என்று பெட்டியோடு சேர்ந்து எழுந்தார். அது கொஞ்சதூரம் அவரோடு வந்தது.

அழிந்ததையெல்லாம் திரும்ப எழுதினார். அந்த ஒரு வரியைப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து நிரப்பினார். கட்டினார், அனுப்பினார். கீழே மேடத்தின் நாற்காலியில் மேனேஜரே போய் உட்கார்ந்திருந்தார்.

சற்று நேரத்தில் மேனேஜர் படியேறி ஓடிவந்தார். "ஓடுதுய்யா! ஜம்முனு ஓடுது!" என்று கட்டிப்பிடித்தார். "இருங்க, உங்க விஷயத்தை இப்பவே முடிச்சுட்டு வந்துடறேன்" என்று தன் அறைக்குள் போனார்.

மூட்டைக்காரர் நாற்காலியில் சாய்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் இருக்காரா? சொல்லு. மெத்தையைக் கட்டறதுக்குப் பதிலா தன்னையே ஒரு மூட்டையாக் கட்டி ஏத்திக்கச் சொல்லு. இனிமே இந்தப் பேச்சை எடுத்துட்டு நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லு."

"அப்படியேவா சொல்லணும்?"

"ஒரு வார்த்தை குறையாம!"

மனைவி அப்படியே சொல்வது கேட்டது. ஒரு கதவு அறையும் சத்தமும் கேட்டது.

"போயிட்டார்ங்க. சாகற வரைக்கும் இந்தப் பக்கம் வரமாட்டாராம்."

மூட்டைக்காரர் நிம்மதியாக மூச்சுவிட்டார். காலையிலிருந்து முதல் தடவையாகப் பசித்தது.

"ஓடிடுச்சா சார்?"

"ஓடிடுச்சுங்க!" துள்ளி எழுந்து ஸ்டோர்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "காலையிலேருந்து என்கிட்ட அக்கறையா கேட்டது நீங்க ஒருத்தர்தான். இதை நான் மறக்கவே மாட்டேன்."

"நல்லது சார்" என்று சொல்லிவிட்டு, ஸ்டோர்காரர் அவர் எழுந்த நாற்காலியை அலுங்காமல் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்.

"என்னங்க இது? என் நாற்காலியை எங்க கொண்டுபோறீங்க?"

"எந்த மெஷினுக்குன்னு அதுவே பார்த்து அதுவே மூட்டை கட்டிடுமாமே சார், நீங்க இப்ப ஓட வெச்சது? நீங்க மட்டும் தப்புத் தப்பா கட்டாம இருந்திருந்தா, இந்த நாற்காலியை நான் காலையிலயே எடுத்துட்டுப் போயிருப்பேன்."