கைராசிச் செம்மலும் ஒரு பிடி மல்லியும்

ஐந்து மாடிக் குடியிருப்பு. வீட்டுக்கு ஒரு பட்டதாரி, ஜன்னலுக்கு ஒரு தொட்டி. வீட்டுக்குள்ளேயே கொத்தமல்லி வளர்க்கப் போகிறார்களாம். வளர்க்கட்டும், நல்ல காரியம்தான். ஆனால் விதை போடச் சொல்லித்தர வந்தவரைப் பாருங்கள்: கைராசிச் செம்மல்! பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவர். அவர் வந்தால் லிஃப்டில் இடம் கிடைக்காது, அவ்வளவு கூட்டம்.

செம்மலின் சாஸ்திரம் சுருக்கமானது. அவர் தரும் பொட்டலத்து விதையை உங்கள் கையால் ஊன்ற வேண்டும். பதினைந்து நாளில் முளைத்தால் நீங்கள் கைராசிக்காரர். முளைக்காவிட்டால் கையில் தோஷம். கை அதிகம் படுகிற பொருளில் அது ஏறி உட்கார்ந்திருக்குமாம். அந்தப் பொருளைச் செம்மலிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவருக்குக் கைக்கடிகாரத்தில் ஏறியது. இன்னொருவருக்குச் செல்போனில். துடைப்பத்தில் ஏறியதாக மட்டும் சரித்திரமே இல்லை!

குடியிருப்போர் சங்க அறையில் மூன்றாம் மாடித் தையல்காரியின் முறை வந்தது.

"கைராசி இல்லாதவகிட்ட யாரு துணி குடுப்பா? சோதிச்சுப் பாத்துடணும்" என்று அவளை இழுத்து வந்தவள் நாத்தனார். தையல்காரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். முளைக்காவிட்டால் போவது தையல் மெஷின். அதை வைத்துத்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

செம்மல் பொட்டலத்தை நீட்டினார். பக்கத்தில் நின்ற கேண்டீன் சமையல்கார அக்கா அதை வாங்கி ஒரு முறை முகர்ந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"ஐயா, ஒரு சின்ன ஆசை. பாதிய இவ ஒரு தொட்டியில போடட்டும், மீதிய இன்னொரு தொட்டியில நீங்க போடுங்க. உங்க கை பட்டா கல்லும் முளைக்குமாமே!"

கூட்டம் கைதட்டியது. செம்மலுக்கு வியர்த்தது. வேறு வழி? போட்டார்.

"தொட்டிங்கள நான் எடுத்துட்டுப் போயி தியானத்துல வைக்கிறேன்."

"எதுக்குங்க சிரமம்? இங்கயே ஜன்னலோரம் நல்லா வெளிச்சம் வருது."

சங்க அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் அக்கா. தினமும் தையல்காரியையே கூட்டிப்போய் இரண்டு தொட்டிக்கும் தண்ணீர் தெளிக்க வைத்தாள். அதற்குள் மூன்று பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போய்விட்டார்கள். பாவம், அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

பதினைந்தாம் நாள். இரண்டு தொட்டியிலும் வெறும் மண்!

"பாத்தியா?" என்றாள் நாத்தனார்.

செம்மல் அசரவில்லை. "இவ தோஷம் என் தொட்டிக்கும் தாவிடுச்சு. மெஷின எடுங்க!"

"தாவினதாவே இருக்கட்டும்" என்றாள் அக்கா. "அப்ப உங்க கையிலயும் தோஷம்தானே? உங்க கை அதிகம் படுற பொருள் எது?"

கூட்டம் யோசித்தது. அந்தக் குடியிருப்பில் பல மாதங்களாக நடக்காத காரியம்.

"பை!" என்றது ஒரு குரல்.

தோள்பையைச் செம்மல் இறுக்கிப் பிடித்தார். பத்துக் கைகள் பிடுங்கின. உள்ளே பொட்டலங்கள்: பாதிக்கு வெள்ளை நூல், பாதிக்குச் சிவப்பு நூல். தையல்காரிக்குத் தந்ததும் சிவப்புதான். அக்கா இரண்டிலும் ஒவ்வொரு விதையைக் கடித்தாள்.

"வெள்ளை நூல்ல இருக்கிறது வறுக்காத மல்லி, முளைக்கும். சிவப்பு வறுத்தது. பொடி அரைக்கத்தான் ஆகும்."

நாத்தனாரும் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். அதைத் துப்பிவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். செம்மல் கதவுப் பக்கம் நகர்ந்தார். கடிகாரத்தைப் பறிகொடுத்தவர் குறுக்கே நின்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா, எனக்கு உயிரே போயிடுச்சு" என்று அழுதாள் தையல்காரி.

"சொல்லியிருந்தா என் மூக்குல தோஷம்னு சொல்லியிருப்பாங்கடி."

அப்போதும் கூட்டத்தில் ஒருவர் முனகினார்: "என்னோடது முளைச்சுதே! அப்ப எனக்கு நெஜமாவே ராசி இருக்குல்ல?"

வறுத்த விதை முளைக்காது, அது விதையின் குற்றமல்ல. மூளையைக் கொண்டுபோய் இன்னொருத்தன் சட்டியில் கொட்டி, "வறுத்துக் கொடு சாமி" என்று வரிசையில் நிற்கிறீர்களே, அதில் மட்டும் என்ன முளைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?