அக்கா, மலையில் பார்க்க ஒன்றுமில்லை

அனுப்புநர்: உன் தம்பி, மனுப் பிரிவுக் கண்காணிப்பாளர் (ஓய்வு), தற்சமயம் மலையடிவார விடுதி, அறை எண் ஒன்பது, கதவோரக் கட்டில்.

பெறுநர்: அக்கா, மாடி வீடு.

பொருள்: பனிமலைக் கோயில் யாத்திரை – நல்லபடியாக முடிந்தது – பார்க்க ஒன்றுமில்லை – தெரிவித்தல் தொடர்பாக.

பார்வை: நான் கிளம்பிய அன்று மாடிப்படியில் நின்று நீ பார்த்த பார்வை.

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த வணக்கம், அக்கா. இங்கு நான் சுகம். அங்கு நீ சுகமா என்று கேட்கத்தான் பதினோரு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை எடுத்தாய், ஒரு வார்த்தை பேசாமல் மூச்சு மட்டும் விட்டாய், வைத்துவிட்டாய். மூச்சு சீராக இருந்ததால் நீ சுகம் என்றே எடுத்துக்கொண்டு, மீதியை எழுத்துமூலம் தெரிவிக்கிறேன்.

நீ கோபமாக இருக்கிறாய், காரணமும் எனக்குத் தெரியும். இமயத்து உச்சியில் இருக்கிற இந்தக் கோயிலுக்குப் போகவேண்டும் என்று எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். நான் ஓய்வு பெற்றதும் இரண்டு பேருமாகப் போகலாம் என்று வாக்குக் கொடுத்தவனும் நான்தான். ஓய்வும் பெற்றேன், யாத்திரையும் கிளம்பினேன், இரண்டு பேர் என்பதில் மட்டும் ஓர் ஆள் குறைந்துவிட்டது. உன் இதயத்துக்கு மலைக்காற்று ஆகாது என்று டாக்டர் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? அதை உன்னிடம் சொல்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் சொன்னார் என்று நீ மூன்று முறை கேட்டாய். டாக்டர்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும். அதை விடு. வராததால் உனக்கு எந்த நஷ்டமும் இல்லை என்று உறுதி செய்யவே இந்தக் கடிதம்.

முதலில் மனுக்கள் விஷயம். நான் யாத்திரை போகிறேன் என்று கேள்விப்பட்டதும் தெருவே கூடி வந்து தங்கள் தங்கள் வேண்டுதலைச் சாமியிடம் சேர்க்கச் சொன்னது உனக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருடம் மனுக்களோடு குடும்பம் நடத்தியவன் அதை வெறும் காதால் வாங்கிக்கொள்ள முடியுமா? எழுதி வாங்கினேன். வரிசை எண் போட்டேன். அவசரம், சாதாரணம், விவரம் போதாது என்று மூன்றாகப் பிரித்தேன். மருந்துக்கடைக்காரர் ‘எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும்’ என்று ஒரே வரி எழுதியிருந்தார். எல்லாம் என்றால் எவை எவை என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். தையற்காரர், ஒரு வாரம் தங்க வந்து ஒன்றரை வருடமாக இருக்கும் மைத்துனர் கிளம்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். நாங்கள் ரயிலில் இருக்கும்போதே மைத்துனர் பெட்டியோடு கிளம்பிவிட்டார் என்று போன் வந்தது. சமர்ப்பிக்கும் முன்பே தீர்ந்துபோன மனுவை எந்தக் கட்டோடு சேர்ப்பது என்று என் சர்வீஸில் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆக மொத்தம் நாற்பத்தொன்று. உன்னிடமும் தாளோடு மாடிக்கு வந்தேன். “நேர்ல போய் நானே சொல்லிக்கிறேன். ஆள் விட்டுச் சொல்றதுக்கு அது என்ன மின்சார ஆபீஸா?” என்று கதவைச் சாத்தினாய். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

பயணம் பிரமாதம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எங்கள் குழுவில் பதினான்கு பேர். கூட்டிக்கொண்டு போகிறவருக்கு ‘மைக்’ என்று பெயர் வைத்திருக்கிறோம், கையில் எப்போதும் ஒலிபெருக்கி இருக்கும். பக்கத்து இருக்கைக்காரரிடம் மணி என்ன என்று கேட்பதற்கும் அதைத்தான் வாயில் வைப்பார். அடிவாரத்தில் எல்லாருடைய பைகளிலும் அவர் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். பதினான்கு பைக்கும் ஒரே மாதிரி ரிப்பன் என்றால் எது யாருடையது என்று எப்படித் தெரியும்? நிர்வாகம் தெரிந்த ஒருவன் கண்ணெதிரே இருக்க இந்த அநியாயத்தை அனுமதிக்கலாமா? மைக் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் ரிப்பன்களை அவிழ்த்துவிட்டு, வயது மூப்புப்படி எண் போட்டு, பெயர், ஊர், பொருள் விவரம் எல்லாம் எழுதி, பைக்கு ஒரு சீட்டாக அழகாகக் கட்டினேன். மூட்டை தூக்குகிறவர்களுக்கு எங்கள் எழுத்து படிக்கத் தெரியாது என்பதும், அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு ரிப்பன் என்றால் இந்த விடுதி, ரிப்பன் இல்லாவிட்டால் அந்த விடுதி என்பது மட்டும்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பதினான்கு பைகளும் மலையின் அந்தப் பக்க விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. குளிர் எலும்பைக் கடிக்கிறது, போட்டுக்கொள்ள ஒரு துண்டுத் துணியில்லை. விடுதிக்காரர் மனமிரங்கி, யார் யாரோ மறந்துவிட்டுப் போன துணிகளை ஒரு பெட்டி நிறைய எடுத்து வந்தார். மற்றவர்கள் நல்லதை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது ரோஜா நிறத்தில் பூப்போட்ட ஸ்வெட்டர், கழுத்தில் பட்டு நாடா. மைக் புகைப்படம் காட்டினால் அது நான் இல்லை.

மறுநாள் மலையேற்றம். நடந்தே ஏறுவேன் என்று ரயிலிலேயே சபதம் செய்திருந்தேன். அரை மணியில் என் மூச்சு எனக்கு முன்னால் போய்விட்டது, நான் பின்னால் நின்றேன். குதிரை எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியவனுக்கு நிஜக் குதிரை என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். அகலமான பாதை முழுவதும் காலியாகக் கிடந்தாலும் அந்தக் குதிரை பள்ளத்தின் ஓரமாகத்தான் நடக்கும். “நடுவுல போகச் சொல்லுங்கய்யா!” என்று கத்தினேன். குதிரைக்காரருக்கு என் பாஷை தெரியாது. சிரித்துக்கொண்டே தலையாட்டினார், குதிரையும் தலையாட்டியது. இன்னொரு பழக்கமும் அதற்கு உண்டு. ஒவ்வொரு டீக்கடை முன்பும் நின்றுவிடும். இறங்கி ஒரு டீ குடித்தால்தான் நகரும். எங்கள் அலுவலகத்தில் பல பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன், ஆகவே கோபிக்கவில்லை. ஏழு கடை, ஏழு டீ. அதன் பின்விளைவாகப் பாதையில் நான் பட்ட அவஸ்தையை அக்காவிடம் எழுதுவது முறையாகாது.

இதற்கிடையே கணக்கு டீச்சர் என்று ஒருவர் எங்கள் குழுவில். எழுபத்துநாலு வயது, உன்னைவிட மூன்று வயது மூத்தவர், இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்றியவர். அவர் கைத்தடியோடு முழு மலையையும் நடந்தே ஏறினார் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. ஐந்தாவது டீக்கடையில் நான் இறங்க முடியாமல் குதிரைமேல் தொங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“உங்க அக்கா ஏன் வரல?”

“ஹார்ட்டுங்க. டாக்டர் வேண்டாம்னுட்டாரு.”

“எந்த டாக்டர்? எழுதிக் குடுத்தாரா?”

மனுப் பிரிவில் இருந்தவனிடம் போய் எழுதிக் கொடுத்தாரா என்று கேட்கிறார் பார். நான் குதிரையைத் தட்டினேன். அது நகரவில்லை, டீ பாக்கி இருந்தது.

கோயிலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல் கட்டடம். குளிர். நான்கு மணி நேரம் வரிசை. உள்ளே தரிசனம் திருப்தியாக நடந்தது, நாற்பத்தொரு மனுக்களும் வரிசை எண் மாறாமல் வாசித்துச் சமர்ப்பிக்கப்பட்டன. வெளியே வந்தால் ஒரே பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மலை இருந்ததா என்றுகூட என்னால் சத்தியம் செய்ய முடியாது. இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று பல பேர் பேசிக்கொண்டார்கள். உனக்கு உன் மாடி வீடே தேவலை, அக்கா. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியாவது தெரியும்.

இறங்கும்போது முழங்காலில் சின்னப் பிசகு. ஆகவே குழுவோடு திரும்பவில்லை, இங்கேயே கொஞ்ச நாள் படுத்து எழுந்து வருகிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தை மைக் உன் கையில் சேர்ப்பார். மருந்து வேளை தவறாமல் சாப்பிடு. என் அறை ஜன்னலைத் திறந்து வைக்காதே, புறா வரும். தெருவில் எல்லாருக்கும் என் விசாரிப்புகள். வயதில் இளையவன் ஆசி சொல்லக்கூடாது. மலையேறி வந்தவன் என்ற முறையில், நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இதைக் கணக்கு டீச்சரிடம் காட்டினேன், எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். “பிழை ஒண்ணும் இல்ல. கணக்குதான் மொத்தமும் தப்பு. மொதல்லேருந்து போடுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எழுதிய தாளைக் கிழித்து எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இங்கேயே எழுதுகிறேன்.

அக்கா, பையும் குதிரையும் ஸ்வெட்டரும் நிஜம். மற்றதெல்லாம் சோற்றில் மறைத்த பூசணிக்காய்.

டாக்டர் சொன்னது இதுதான்: “தாராளமா கூட்டிட்டுப் போங்க, மெதுவா ஏறட்டும். உங்க அக்கா ஹார்ட் உங்களதவிட நல்லா இருக்கு.” நான்தான் மாற்றிச் சொன்னேன். ஏன் என்று கேட்பாய். எனக்கு அறுபத்தொரு வயது. அலுவலகத்தில் நாற்பது பேர் என்னைப் பார்த்து எழுந்து நின்றிருக்கிறார்கள். நீ பக்கத்தில் இருந்தால் மட்டும் “டேய், காதை மூடு, குளுருது” என்று எல்லார் எதிரிலும் சத்தம் போடுவாய். ஒரே ஒரு தடவை, ஓரிடத்துக்குப் பெரிய மனுஷனாகப் போய் வரலாம் என்று ஆசைப்பட்டேன். அற்ப ஆசைதான். அதற்காக உன் ஆயுசுக்கால ஆசையை மாடியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

மனு ஒன்றுகூடச் சேரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. உள்ளே ஓர் ஆளுக்கு மூன்று விநாடி. நான் பதிவேட்டைத் திறந்து, கண்ணாடியைத் தேடி, வரிசை எண் ஒன்று என்று தொண்டையைச் செருமுவதற்குள் ஒரு கை என் தோளில் விழுந்துவிட்டது. அந்த அவசரத்தில் வாயில் வந்தது வேறு. “அக்கா வரல சாமி. நான்தான் கூட்டிட்டு வரல” என்றேன். அவ்வளவுதான், தள்ளிவிட்டார்கள். படியில் உட்கார்ந்து அழுதேன். ஏழு டீயும் கண் வழியாகப் போயிற்று.

பனிமூட்டம் கிடையாது. வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. கோயிலுக்குப் பின்னால் அந்த மலை வெயிலில் நிற்கிறது, அக்கா, எனக்கு எழுதத் தெரியவில்லை. அதைப் பார்த்தபோது சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. ‘பாத்தியா!’ என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. மைக்கிடம் சொன்னேன். அவர் ஒலிபெருக்கியில் “ஆமாங்க” என்றார்.

முழங்காலுக்கும் ஒன்றுமில்லை. மைக் இந்தக் குழுவை ஊரில் இறக்கிவிட்டு, வரும் பதினெட்டாம் தேதி அடுத்த குழுவோடு இங்கே கிளம்புகிறார். உன் பெயரைச் சேர்த்துவிட்டேன். கீழ்ப்படுக்கை, ஜன்னலோரம். என்னை நம்ப வேண்டாம், டாக்டரிடம் நீயே போய்க் கேட்டுக்கொள். பையில் அவர் என்ன ரிப்பன் கட்டினாலும் அவிழ்க்காதே. நீ வரும்வரை நான் இங்கிருந்து நகரப்போவதில்லை. தினமும் பேருந்து வந்து நிற்கிற இடத்தில் போய் நின்று பழகிக்கொண்டிருக்கிறேன். மெதுவாக ஏறுவோம், எனக்கும் அதுதான் சௌகரியம்.

இறங்கியதும் எல்லார் எதிரிலும் திட்டு. காதை மூடாமல்தான் நிற்பேன்.