தவளை முட்டையில் சோடா ஊற்றியவன் விண்ணப்பம்

ஆரணி,
11-11-1983, வெள்ளிக்கிழமை

மகா மேன்மை பொருந்திய பேராசிரியர் சக்கரவர்த்தி ஐயா அவர்கள் சமுகத்திற்கு, தங்களிடம் ஆராய்ச்சி செய்யும் அபிதகுசாம்பாளின் தகப்பன், ஆரணி சாயப்பட்டறை பரசுராமன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் க்ஷேமம். அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உண்மையில் இங்கு ஒன்றும் க்ஷேமமில்லை. தாங்களும் எங்கள் பக்கத்து வந்தவாசிக்காரர் என்று அபிதா சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு பாத்தியதையை நம்பித்தான் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

மழை பெய்து ஏரி நிரம்பியதும், தவளை முட்டை எடுக்க வேண்டும் என்று அபிதா இரவல் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இன்று காலை என்னைக் கூப்பிட்டு, "நைனா, இங்க வந்து பாரு. மேல கீற செல்லெல்லாம் இந்தக் கீறல் வழியா உள்ள போய்கினு கீது. ஒண்ண ஒண்ணு புடிச்சிகினுதான் போவும். பிடி வுட்டுச்சின்னா தலையும் இல்ல, வாலும் இல்ல, வெறும் மாவுதான்" என்றாள். அந்தப் பிடியும் நடையும்தான் அவள் ஆராய்ச்சியாம். கண்ணை வைத்துப் பார்த்தேன். கடுகளவு உருண்டையில் பிறை போல ஒரு கீறல். அரை மணி கழித்துப் பார்த்தால் பிறை நீண்டிருக்கிறது, மேல்தோல் அதற்குள் போய்க்கொண்டே இருக்கிறது. ஏவ ஒரு மேஸ்திரி இல்லை, அதட்ட ஆள் இல்லை, அதது தன் இடத்துக்குப் போகிறது! நாமெல்லாம் இப்படித்தான் உருவானோமா, நடுவில் ஒன்று பிடியை விட்டிருந்தால் என் கதி என்ன என்று நினைத்தேன் பாருங்கள், அத்தோடு எனக்கு இட்லி இறங்கவில்லை.

அந்த முட்டையைச் சுற்றி வழவழவென்று பசை. அதையும், அதற்குள் இருக்கும் மெல்லிய தோலையும் இடுக்கியால் உரித்த பிறகுதான் படம் வரைய வேண்டுமாம். குனிந்த தலை நிமிராமல் பன்னிரண்டு உரித்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. "இன்னும் நாப்பது கீது நைனா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். பெற்ற மனம் கேட்குமா ஐயா? சாயம் ஏற்றுமுன் பச்சைப் பட்டு நூலின் பசையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் வேகவைத்துப் போக்குவது முப்பது வருஷமாக என் தொழில். பசையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஆறிய சோடாத் தண்ணீர் இரண்டு கரண்டி, பொய் எதற்கு, மூன்று கரண்டி, முட்டைகள் கிடந்த கண்ணாடித் தட்டில் விட்டேன். உரிக்காத நாற்பதின் பசை இளகியது, வாஸ்தவம்தான். ஆனால் உள்ளே இருந்த முட்டையும் குழம்பிவிட்டது. அவள் உரித்து வைத்த பன்னிரண்டும் ஒவ்வொன்றாக விரிசல் விட்டு, பொரிமாவைக் கொட்டியது போலத் தட்டெல்லாம் தூளாகிவிட்டன. ஐயோ, பிடி விட்டுவிட்டது ஐயா!

என் சம்சாரம் பூங்காவனம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, புத்தி கீதா உங்களுக்கு? அது இன்னா பட்டு நூலா, பசை எடுக்கிறதுக்கு? ஜல்தியா அவகிட்ட சொல்லிடுங்க, அப்பால பேஜாராப் பூடும்" என்றாள்.

எப்படிச் சொல்வேன்? போன தை மாதம் போளூரிலிருந்து ஒரு வரன் வந்தது. படித்தது போதும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அவள் மூன்று நாள் பட்டினி கிடந்துதான் மெட்ராஸுக்குத் திரும்பிப் போனாள். வருகிற திங்கட்கிழமை தங்கள் முன்னால் படங்களை வைக்காவிட்டால் இந்த வருஷமே போச்சு என்கிறாள். மழையும் நின்றுவிட்டது, ஏரியில் இனி முட்டை கிடையாது. சோடா ஊற்றியது நான் என்று தெரிந்தால், வேண்டுமென்றே கெடுத்தேன் என்றுதானே நினைப்பாள்? இனி என்னை நைனா என்று கூப்பிடுவாளா? பட்டறை அடுப்பு சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேணும்னு செய்யல. போளூர் நினைப்பே எனக்கு இப்போது இல்லை.

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் தட்டின் மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து, "வெளிச்சம் ஆவாதுன்னு மூடி வெச்சேன்" என்று புளுகி, ஒரு வேலையாகத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன். தாங்கள் பெரிய மனசு பண்ணி, முட்டைகள் இப்படித் தானாகவே உதிர்வது தவளையின் சுபாவம் என்று அவளுக்கு நாலு வரி எழுதிப் போட வேண்டும். படங்களுக்கு ஒரு மாதம் தவணையும் தர வேண்டும்.

தங்கள் பிள்ளைகள் தங்களை விட்டு விலகாமல் என்றைக்கும் ஒட்டிக்கொண்டு வாழ வேண்டுமாய்க் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அடிமை,
பரசுராமன்

பின்குறிப்பு: ஒன்றரை மணி நேரம் கழித்து எழுதுவது. மேலே கண்டது எதுவும் செல்லாது. நாலு வரியும் வேண்டாம், தவணையும் வேண்டாம். அபிதா திங்கட்கிழமை வருகிறாள்.

தெருமுனை வேலை என்னவென்று நான் சொல்லவில்லை. தட்டு தூளானதும், இனி படிப்பு ஏது என்ற பயத்தில், 'பெண்ணின் படிப்பு முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரவும்' என்று போளூருக்கு ஒரு கார்டு எழுதி, அதை அவள் கையிலேயே கொடுத்துத் தபால் பெட்டியில் போடச் சொல்லியிருந்தேன். கார்டை யாரும் படிக்கலாம் என்பது அந்த நேரத்தில் என் மரமண்டைக்கு எட்டவில்லை. அவள் பாதி வழியில் திரும்பி வந்தாள். தாம்பாளத்தை எடுத்தாள், பக்கத்தில் நான் விட்டுவைத்த சோடாக் கரண்டியையும் பார்த்தாள். சோடாத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்புச் சத்துள்ள உப்புத் தண்ணீரை விட்டாள். அப்போது உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தூள் தூளாகக் கிடந்த செல்கள் ஊர்ந்துபோய் மறுபடியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றனவாம். இனி அது தவளை ஆகாதாம். ஆனால் அந்தப் பிடியைப் பார்க்கத்தான் ஆறு மாதமாகத் தவித்தாளாம். பக்கம் பக்கமாக வரைந்துகொண்டிருக்கிறாள்.

"சோடா எவ்ளோ வுட்ட நைனா?" என்று கேட்டாள். மூன்று கரண்டி என்றேன். குறித்துக்கொண்டாள். பிறகு அந்தக் கார்டை என் பக்கம் தள்ளினாள்.

"இத நீயே கிழி. நான் கிழிச்சா, வேணும்னு கிழிச்சேன்னு சொல்லுவ."

கிழித்துவிட்டேன் ஐயா.